சிவப்புக்கு நீ ஒருத்தி

பிப்ரவரி 11

பூனைக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அத்தான் கண்ணாடிக்கு வெளியே நின்று வாயசைத்துச் சொன்னார். ரயிலில் படுக்க இடம் கிடைத்ததா, ஊசி குத்திய கை வலிக்கிறதா என்றெல்லாம் கேட்க ஆசை. கண்ணாடி வழியாகக் கேட்டால் தலையாட்டல்தான் பதிலாக வருகிறது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

இந்த அறைக்குள் போன் கொண்டுவரக் கூடாது. அதில் ஒட்டியிருக்கிற கிருமி நம் குட்டிப் பட்டாணிக்கு ஆகாதாம். தோல் போன உடம்புக்கு எல்லாப் பக்கமும் வாசல்தான் என்கிறார் பெரிய சிஸ்டர். ஆனால் மனது இளகி, காகிதத்துக்கு மட்டும் ஒரு வழி சொல்லியிருக்கிறார். உன் கடிதம் வந்ததும் அவர் மடிப்பைப் பிரித்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, வாயைச் சூடுகாட்டி ஒட்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து உள்ளே கொடுப்பார். உறையோடு நான் படிக்க வேண்டும். முன்பக்கம் முடிந்ததும் திருப்பிப் பின்பக்கம். பிரிக்கவே கூடாது. ஆகவே ஒரே தாளில், இரண்டு பக்கமும் எழுது. நீ கடிதம் எழுதினால் புத்தகமாகிவிடும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

என் கடிதம் வெளியே போக எந்தச் சட்டமும் இல்லை. இங்கிருந்து வெளியே போவதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை போலிருக்கிறது.

அறை அடுப்படி மாதிரி சூடாக இருக்கிறது. வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். குளிர்ந்தால் அவளால் தாங்க முடியாது. தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, கைக்கு உறை, மேலே நீள அங்கி. எனக்குள் நான் வெந்துகொண்டிருக்கிறேன். பட்டாணியின் மேல் துணி படாமலிருக்க வளைந்த கம்பிக் கூடு ஒன்றை வைத்து, அதன்மேல் போர்வை போட்டிருக்கிறார்கள். "நான் எப்ப இந்த வீட்டுலேர்ந்து வெளிய வருவேன்?" என்று கேட்டாள். அந்தக் கூட்டைத்தான் வீடு என்கிறாள்.

அந்த வெந்நீர்ப் பாத்திரத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன். நீயும் எழுதாதே.

டாக்டரம்மா நேற்று எனக்குப் படம் போட்டு ரத்தக் கணக்கை விளக்கினார். வெந்துபோன தோலைச் சீவி எடுக்கும்போது ரத்தம் குடத்தைச் சாய்த்தது போலப் போகுமாம். சின்ன உடம்பு, இருப்பே கொஞ்சம். மஞ்சள் பையில் வருகிறதே, ரத்தத்தின் நீர், அது யாருடையதானாலும் இவளுக்குச் சேர்கிறது. சிவப்புதான் தகராறு. சோதித்தால் 'ஓ' போலவே தெரிகிற, ஆனால் 'ஓ' ஏற்றினால் கொல்லுகிற ரத்தம். என்னிடமும் அத்தானிடமும் ஒளிந்திருந்து இவளிடம் வெளியே வந்திருக்கிறது. உனக்கும் அதுதான் என்பது நீ எட்டாவது படிக்கும்போதே தெரியும். அப்போது நாங்கள் உன்னைக் கேலி செய்தோம். இப்போது மஞ்சளுக்கு ஊரே இருக்கிறது, சிவப்புக்கு நீ ஒருத்தி.

கால்களுக்கு உன் ரத்தத்தை வைத்து முடித்துவிட்டார்கள். அடுத்தது மார்பும் கழுத்தும். அதற்குப் பதிவில் இருக்கிற வேறொருவரைத் தேடுகிறார்கள். முதுகுதான் பெரிய வேலை. அதை ஏப்ரலில், உன் உடம்பு தேறி, விதிவிலக்காக நீ மறுபடி கொடுக்கலாம் என்ற நிலை வந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அதுவரை யாரோ இறந்தவர் தானம் செய்த தோலைப் போர்த்திக் காப்பாற்றுவார்களாம்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. மழையில் நனையாதே. உன் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். அது இப்போது உன் உடம்பு மட்டும் இல்லை.

அன்புடன்
அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரே தாள். எழுத்தைச் சிறியதாக்கியிருக்கிறேன். அச்சகத்தில் நாள் முழுக்கப் பொடி எழுத்தைப் பார்த்துப் பிழை திருத்துகிறவளுக்கு இது பெரிய விஷயமில்லை. உன் கண் என்ன பாடு படுமோ.

நான் சௌக்கியம். மாத்திரை சாப்பிடுகிறேன். இவர் அலாரம் வைத்திருக்கிறார். கீரை, பேரீச்சம்பழம், மறுபடி கீரை. போன வாரம் அலுவலகத்தில் இரண்டு தடவை தும்மினேன். அன்று சாயங்காலமே அத்தான் இவருக்குப் போன் செய்து "தங்கச்சிக்கு ஜலதோஷமா?" என்று கேட்டாராம். என் தும்மல் எப்படி அத்தனை தூரம் கேட்டது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இவர்தான் பேச்சுவாக்கில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்றிலிருந்து தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறேன்.

சிரிப்பதற்காகத்தான் எழுதினேன். குறை சொல்லவில்லை. கொஞ்சம் குறையும்தான்.

தெருவைக் கடக்கும்போது முன்னெல்லாம் ஏதாவது நினைத்துக்கொண்டே நடப்பேன். இப்போது வண்டிகளை மட்டும் பார்க்கிறேன். யாருடைய பாத்திரத்தையோ தலையில் வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கிறது. சிந்தக் கூடாது.

இவருக்கு மாற்றல் வந்திருக்கிறது. கடல் தாண்டி. குடும்பத்தோடு போகலாம், வீடு தருகிறார்கள். அங்கே பெரிய நூலகம் ஒன்றில் எனக்கும் வேலை சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி நூலகத்தை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் தொடக்கத்தில் சேர வேண்டும். இவர் மேலாளரிடம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டிருக்கிறார். நீ இதைப் பற்றி ஒன்றும் யோசிக்காதே. நான் போகவில்லை. போனால் யார் தருவார்கள்?

பட்டாணியிடம் சொல், சித்தி அவளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன் என்று. கம்பிக் கூட்டுக்குள் வசிக்கிற ராணி. அவளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்பது ராணியின் கட்டளை. மிச்சத்தை அவளே சொல்லட்டும்.

உன்
பூனை


மார்ச் 15

பூனைக்கு,

முகமூடிக் கட்டளை வேலை செய்கிறது. பெரிய சிஸ்டரே வாய்த்துணியைச் சற்று இறக்கியபோது ராணி கோபித்துக்கொண்டாள். கட்டு மாற்றுகிற நேரத்தில் மட்டும் ராணியும் கிடையாது, கட்டளையும் கிடையாது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். எழுதினால் உனக்கும் கேட்கும்.

மார்புக்கு ஆள் கிடைத்தது. ஒரு பஸ் கண்டக்டர். எங்கிருந்தோ இரவல் சட்டை மாதிரி தொளதொளவென்று ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்று பட்டாணியைப் பார்த்து விசில் ஊதுவது போலக் கன்னத்தை உப்பிக் காட்டினார். அத்தான் நன்றி சொல்லப் போனதற்கு, "நன்றியெல்லாம் வேணாங்க. என் பஸ்ல தினமும் எத்தனை கூட்டம். என் ரத்தத்துலதான் கூட்டமே இல்ல. பாப்பாவாச்சும் ஏறட்டும்" என்றாராம். இவள் வயதில் இன்னொரு பிள்ளைக்கும் கொடுத்திருக்கிறாராம். ரொம்ப நாள் கழித்து அத்தான் முகத்தில் பல்லைப் பார்த்தேன்.

இனி அவரிடம் இப்போதைக்குக் கேட்க முடியாது. பதிவில் இருந்த மற்றொருவர் ஊரைவிட்டே போய்விட்டார். ஆகவே முதுகுக்கு நீதான். டாக்டரம்மா ஏப்ரல் நடுவில் என்று குறித்திருக்கிறார். சொந்தக்காரர் ரத்தம் என்பதால் அதற்குக் கதிர்வீச்சுக் காட்டிவிட்டுத்தான் ஏற்றுவார்களாம். அதெல்லாம் அவர்கள் பாடு. நீ முன்கூட்டியே வந்து தங்கிவிட்டால் நல்லது.

இந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறக்க முடியாது. கீழே ஒரு பெண் தினமும் துணி காயப்போடுகிறாள். காற்றில் அது ஆடுவதை வைத்துத்தான் வெளியே காற்று இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன். நான் இங்கே அடைந்து கிடப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. இவள் கிடக்கிற இடத்தில் கிடக்கிறேன். ஆனால் நீயும் என்னோடு இதற்குள் இருக்கிறாய் என்ற நினைப்பு வராமல் என்னால் தூங்க முடியவில்லை. அது சுயநலம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

தேதியை உறுதி செய்து எழுது.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண்டக்டரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இவரிடமும் வாசித்துக் காட்டினேன். அவரை ஒருநாள் பார்க்க வேண்டும். எங்கள் மாதிரி ஆட்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே அபூர்வம். பார்த்தால் என்ன பேசுவோம் என்று தெரியவில்லை. "உங்களுக்கும் கீரையா?" என்று கேட்பேன்.

அச்சகத்தில் ஒரே வேலை நெருக்கடி. பள்ளிப் புத்தகம் ஒன்றில் பக்கங்கள் முன்பின்னாகத் தைக்கப்பட்டு, நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு ஐம்பத்தேழு வந்துவிட்டது. பைண்டிங் போடுகிற பையன்களை நான் பிடித்துக் கத்த, அவர்கள் என்னைக் கண்டால் பக்க எண்ணைச் சத்தமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பட்டாணிக்கு ஜுரம் வந்து போகிறது என்று அத்தான் சொன்னார். அவள் படத்தை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன், அந்த நீல கவுன் போட்டது. அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஏப்ரலில் நான் வருவது பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாமல்தான் இத்தனை நாள் பதில் எழுதவில்லை.

நான் உண்டாகியிருக்கிறேன், அக்கா. உறுதியாகிவிட்டது. சந்தோஷமாக எழுத வேண்டிய செய்தியை இப்படி எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருஷம் நான் உன் வீட்டுக்கு வராமல், வேலை என்று பொய் சொன்னேனே, அப்போது ஒன்று கலைந்திருந்தது. இவருக்கு மட்டும் தெரியும். உனக்குத் தெரியும் என்னை. அடிபட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற பிராணி என்று நீதானே இந்தப் பெயரை வைத்தாய். சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று பயந்தேன். இப்போதும் அதே பயம்தான். ஆனால் சொல்லாமல் இருக்க எனக்கு வழி இல்லை.

டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். இந்த நிலையில் யாரிடமும் ரத்தம் எடுக்க மாட்டார்கள் என்றார். என் ரத்த வகையைப் பார்த்துவிட்டு அவர் முகம் மாறியது. பிரசவத்தில் எனக்கே தேவைப்பட்டால் எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்டார். அதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை. இத்தனை நாள் கொடுக்கிறவளாக மட்டுமே என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தாளுக்கு வந்துவிட்டேன். சட்டம் நினைவிருக்கிறது. பெரிய சிஸ்டரிடம் இன்னொரு உறை கேட்டுக்கொள்.

மூன்று நாளாக ஒரே நினைப்பு. ரத்த வங்கியில் கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிட்டால் எடுத்துவிடுவார்கள். ஒரே ஒரு பை. பார்த்தால் தெரிகிற காலம் இல்லை. அப்படிச் செய்து இதற்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் பட்டாணியை எப்படிப் பார்ப்பேன்? செய்யாமல் பட்டாணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் இதை எப்படிப் பார்ப்பேன்? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குழந்தை நிற்கிறது. நடுவில் நிற்கிற எனக்குக் கை கால் அசைக்க இடமில்லை.

எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. நீ பெரியவள். நீ என்ன சொன்னாலும் அது சரியாக இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து பழகிவிட்டேன்.

எதுவானாலும் நீ சொல்கிறபடி செய்கிறேன். மனதில் பட்டதை எழுது. என் மனது நோகுமே என்று பார்க்காதே.

பட்டாணிக்கு ராணி கதையின் அடுத்த பகுதி: ராணிக்கு வெளியே போக ஆசை. கூட்டைத் திறக்கிற சாவி ஒரு மறதிக்காரப் பூனையிடம் இருக்கிறது. எங்கே வைத்தோம் என்று அது தேடிக்கொண்டே இருக்கிறது. தேடுவதை நிறுத்தவில்லை என்று மட்டும் அவளிடம் சொல்.

உன்
பூனை


ஏப்ரல் 5

பூனைக்கு,

பெரிதாக எழுத நேரம் இல்லை. ஜுரம் நிற்கவில்லை. முதுகில் போர்த்தியிருந்த தோல் கழன்றுவிட்டது. சீழ் பிடித்திருக்கிறது. இனிமேல் காத்திருக்க முடியாது என்கிறார் டாக்டரம்மா. பதினேழாம் தேதி வைத்திருக்கிறார்கள்.

நீ என்ன சொல்ல வருகிறாய் என்று எனக்குப் புரிகிறது. முழுதாகப் புரிந்துதான் சொல்கிறேன். நீ கேட்டதால் மனதில் பட்டதையே எழுதுகிறேன்.

வா.

நீ எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாதா? அது போனால் இன்னொன்று வரும். உனக்கு வயது இருக்கிறது. பட்டாணி போனால் எனக்கு இன்னொருத்தி இல்லை. இப்படி எழுதுவது கொடுமை என்று தெரிகிறது. அம்மா இருந்திருந்தால் என் வாயிலேயே போட்டிருப்பாள். இருந்தாலும் எழுதுகிறேன்.

வந்துவிடு. பதினைந்துக்குள்.

அக்கா


ஏப்ரல் 10

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடி வருகிறேன். பதினைந்தாம் தேதி காலை ரத்த வங்கிக்கு நேராகப் போய்விடுகிறேன்.

இப்படிக்கு
தங்கை


ஏப்ரல் 24

தங்கைக்கு,

நீ வந்தாயாம். வங்கியில் உட்கார்ந்தாயாம். பிறகு "இந்தத் தடவை அவங்ககிட்ட எடுக்க முடியாது" என்று அங்கிருந்து மேலே சொல்லி அனுப்பினார்கள். ஏன் என்று அத்தான் கேட்டதற்கு, அதை அவர்கள் சொல்லக் கூடாது, வேண்டுமானால் உன்னிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றார்களாம். உன்னிடம் கேட்கலாம் என்று அவர் கீழே ஓடினால் நீ போய்விட்டாய். இரண்டு மாடி ஏறி வந்து கண்ணாடிக்கு வெளியே ஒரு நிமிஷம் நின்றிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பட்டாணி உனக்காகத் தலையை இந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லியிருந்தாள்.

மாத்திரையை நிறுத்திவிட்டாயா? சாப்பிடாமல் கிடந்தாயா? இல்லை, வராமல் இருக்க ஒரு காரணம் வேண்டும் என்று நீயே வரவழைத்துக்கொண்டாயா? எனக்கு என்னென்னவோ தோன்றுகிறது. பூனை என்று பெயர் வைத்தது பொருத்தம்தான். வீட்டில் தீ என்றால் முதலில் ஓடுவது அதுதான்.

என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொள்.

டாக்டரம்மா வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். முன்பெல்லாம் ரத்த அளவு பத்துக்குக் கீழே இறங்கினாலே ஏற்றிவிடுவார்களாம். இப்போது ஏழு வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாம், அதனால் பிள்ளைகளுக்குக் கெடுதல் வருவதில்லை என்று அனுபவம் சொல்கிறதாம். முதுகை ஒரே மூச்சில் எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம், ரத்தக் குழாயைச் சுருங்க வைக்கிற மருந்தில் துணியை நனைத்து உடனுக்குடன் அழுத்துவோம் என்றார். சோதனைக்கு ரத்தம் எடுக்கிற குப்பியைக்கூட மாற்றிவிட்டார்கள். எறும்புக்கு ஊற்றுகிற அளவுதான் எடுக்கிறார்கள். "ஒரு சொட்டு வீணாப் போனாலும் எனக்குக் கணக்குச் சொல்லணும்" என்று அந்த அம்மா எல்லோரையும் மிரட்டி வைத்திருக்கிறார்.

முதல் பகுதி முடிந்தது. பட்டாணி காகிதம் மாதிரி வெளுத்துக் கிடக்கிறாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்க நேரமாகிறது. ஆனால் திறக்கிறாள். உன் ரத்தம் இல்லாமலே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள் என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பதில் போட வேண்டாம்.

அக்கா


ஜூன் 8

பூனைக்கு,

இந்தப் பெயரை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு பெயரில் உன்னைக் கூப்பிட்டுப் பழக்கம் இல்லை.

பட்டாணி முந்தாநாள் தனி அறையை விட்டு வெளியே வந்தாள். முதுகு முழுதும் மூடிவிட்டது. ராணி கூட்டைவிட்டு வெளியே வந்ததும் முதல் காரியமாக எல்லோருடைய முகமூடியையும் கழற்றச் சொன்னாள். அதன் பிறகு, "சித்தி பூனை சாவியைக் கண்டுபிடிச்சிருச்சா?" என்று கேட்டாள்.

அறையைக் காலி செய்யும்போது பெரிய சிஸ்டர், பிளாஸ்டிக் உறைகளைக் குப்பையில் போட்டுவிட வேண்டும், காகிதம் வேண்டுமானால் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கட்டு வெட்டுகிற கத்தரியைக் கொடுத்தார். உன் மார்ச் மாதக் கடிதத்தை வெட்டினேன். உறைக்குள்ளிருந்து இரண்டு தாள் விழுந்தது.

நான் கையுறை போட்ட கையால், உறையோடு, முன்பக்கம் படித்துத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். முதல் தாளின் முன்பக்கம், இரண்டாம் தாளின் பின்பக்கம். நடுவில் இரண்டு பக்கம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கிறது. 'சொல்லத் தெரியாமல்தான் இத்தனை நாள் பதில் எழுதவில்லை' என்று முன்பக்கம் முடிகிறது. 'எதுவானாலும் நீ சொல்கிறபடி செய்கிறேன்' என்று பின்பக்கம் தொடங்குகிறது. எனக்கு எந்தப் பொறியும் தட்டவில்லை. மாற்றலைத்தான் சொல்கிறாய், வாய்ப்பு போய்விடுமே என்று தவிக்கிறாய், வெட்கப்பட்டுக்கொண்டு முழுதாக எழுதாமல் விட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். அது போனால் இன்னொன்று வரும் என்று நான் எழுதியது அந்த நூலக வேலையை.

நீ அதை என்னவென்று படித்திருப்பாய் என்று யோசித்தபோது நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தான் பயந்துபோய்ப் பட்டாணிக்குத்தான் ஏதோ என்று உள்ளே ஓடினார்.

பெரிய சிஸ்டரிடம் கேட்டேன். அவருக்கு நினைவுகூட இல்லை. "ரெண்டு தாள் இருந்தா சேர்த்து வெச்சிருப்பேன்மா. அடுத்தவங்க கடுதாசியை நான் படிக்கறதில்ல" என்றார். பாவம், நல்ல பழக்கம்தான் அது.

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. ஊர்ப்பட்ட புத்தகத்துக்கெல்லாம் பக்க எண் சரிபார்க்கிறவள், தன் கடிதத்துக்கு ஒன்று இரண்டு என்று போட்டிருக்கக் கூடாதா என்று. பிறகு ஏப்ரல் 24-ல் நான் எழுதினதெல்லாம் வரி வரியாக நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் யார்மேலும் கோபப்பட முடியவில்லை.

வாழ்க்கையிலேயே ஒரு தடவைதான் நீ கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து ஒன்று சொன்னாய். அதற்கு நான் கொடுத்த பதில் அது.

அந்த நடுப்பக்கங்களை அப்போதே படித்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். வராதே என்றுதான் எழுதியிருப்பேன் என்று சொல்ல ஆசை. அந்த ஜுரத்தில், அந்த அறையில், நிச்சயமாக அப்படித்தான் எழுதியிருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை. இதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கை வரவில்லை. நல்லபடியாக இருக்கிறாயா, இல்லை என்னால் ஏதாவது ஆகிவிட்டதா என்று அத்தானை விசாரிக்கச் சொன்னேன். உன் வீட்டுக்காரர் "அவளே சொல்லட்டும்" என்று வைத்துவிட்டாராம். சரிதான் அவர் செய்தது.

உன்னிடம் எனக்கு இனி எதுவும் கேட்க வேண்டியதில்லை. பதிலும் கேட்கவில்லை.

அக்கா


நவம்பர் 19

(பக்கம் 1)

அன்புள்ள அக்காவுக்கு,

பெண். இருவரும் நலம். உன் கடிதத்தை ஐந்து மாதமாக மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்து எழுந்துவிடுவேன். கோபம் மட்டும் இல்லை. எதை எழுதினாலும் அது ஒரு வாக்குறுதியாக ஆகிவிடுமோ என்று பயம்.

ஏப்ரல் பதினைந்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயிலில் வழி முழுக்க 'இல்லை' என்று சொல்லிப் பழகிக்கொண்டே வந்தேன். வங்கியில் திரைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் டாக்டர் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஜுரம் உண்டா, மருந்து உண்டா, கர்ப்பமா. இல்லை என்றேன், சுத்தமாக, தடுமாறாமல். அவள் எழுதப் போனவள் எழுதாமல் பேனாவை வைத்துவிட்டு, "நீங்க வயித்து மேல கை வெச்சிருக்கீங்க" என்றாள். பார்த்தேன். வைத்திருந்தேன்.

கையை எடுத்துவிட்டு, ஆமாம் என்றேன். அவள் தண்ணீர் கொடுத்தாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள். கீழே வந்து உங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே நின்றேன். துணி காயப்போடுகிற பெண் என்னை யாரென்று கேட்டாள். மேலே வந்து உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. எல்லாம் தெரிந்து 'வா' என்று எழுதியவளின் முகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது மாற்றலைப் பற்றி எழுதியது என்று இப்போது தெரியும். தெரிந்த பிறகும் 'இன்னொன்று வரும்' என்ற வரி சில நேரம் படிக்காமலே கண்ணுக்குள் வருகிறது. வராமல் போக நாளாகும் என்று நினைக்கிறேன். பக்க எண் போடாதது என் பிழைதான். அச்சகத்துப் பையன்களிடம் இதைச் சொல்லவே மாட்டேன்.

(பக்கம் 2)

வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் தொளதொள சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இவர், யாரோ என்று பார்த்தார். அவர் எழுந்து நின்று, "நான் முந்தாநாளே ஒரு பை குடுத்தாச்சு. உள்ள குளிர்ப்பெட்டியில இருக்கு. சும்மா பாத்துட்டுப் போலாம்னு உக்காந்தேன்" என்றார். அந்த வலியிலும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "உங்களுக்கும் கீரையா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கு டீயும் பன்னும்தாங்க. ரத்தம் அதுலயே ஊறுது" என்றார்.

யார் சொல்லி வந்தார் என்று கேட்டதற்கு முதலில் மழுப்பினார். சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறார்கள் போல. இவர்தான் பிறகு ஒப்புக்கொண்டார், அத்தான் தேதி கேட்டு வாங்கினார் என்று. கண்டக்டருக்கும் அதற்கு மேல் வாய் நிற்கவில்லை. "பாப்பாவுக்குக் கழுத்துல தோல் இழுத்துப் பிடிச்சிருக்குல்ல. இந்த மாசம் ஆபரேஷன்னு என்னைத்தான் வரச் சொல்லியிருந்தாங்க. அவங்கம்மாவே தள்ளி வெச்சுட்டாங்க. முதல்ல தங்கச்சிக்குப் போங்க, பாப்பா பொறுத்துக்குவான்னாங்க."

அக்கா, பட்டாணியால் தலையை நிமிர்த்த முடியவில்லை என்று எனக்குத் தெரியும். அத்தான் அனுப்பிய படத்தில் பார்த்தேன். அந்தக் கழுத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு நீ அவரை என்னிடம் அனுப்பியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல்.

எனக்கு ஏற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. அந்தப் பை அப்படியே இருக்கிறது. இன்னும் சில வாரம் கெடாதாம். ஐஸ் பெட்டியில் வைத்து உங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டோம். டாக்டரம்மாவிடம் பேசியாயிற்று. இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அது வந்துவிடும். கழுத்தை முடித்துவிடு. அவள் நிமிர்ந்து பார்க்கட்டும்.

குழந்தைக்கு ரத்தம் பார்த்தார்கள். ஓடிப்போய் முடிவைக் கேட்டு வாங்கிவந்த நர்ஸ், "சாதாரண வகைதாம்மா, பி" என்றாள், ஏதோ எனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பது போல. நான் அழுதேன். இவள் தும்மினால் யாரும் போன் செய்ய மாட்டார்கள். இவள் தெருவில் எதையாவது நினைத்துக்கொண்டு நடக்கலாம்.

இவரின் மாற்றல் மறுபடி வந்திருக்கிறது. தை பிறந்ததும் கிளம்புகிறோம். இந்தத் தடவை போகிறேன்.

பட்டாணி வளர வளரத் தோல் கூடவே வளராது, மறுபடி மறுபடி வெட்டிவிட வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். இவள் பால்குடி மறந்ததும், என் உடம்பு தேறியதும், நான் கடல் தாண்டி வந்து கொடுப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை. ஆனால் நானாக வருவேன். நீ எழுதிக் கேட்கக் கூடாது, அத்தானை விட்டும் கேட்கக் கூடாது, தேதியை நினைவுபடுத்தவும் கூடாது. மற்றது எதை வேண்டுமானாலும் எழுது. துணி காயப்போடுகிறவளைப் பற்றி எழுது.

ராணியிடம் சொல், சாவி பூனையின் வாயிலேயே இருந்ததாம். அதனால்தான் இத்தனை நாள் அது பேசவில்லை.

பூனை